தண்ணீர் லாரியும் கட்டியக்காரனும்

பாஸ்ராவிலிருந்து குவைத்துக்குப் போகும் பாலைவனச் சாலை. ஆகஸ்ட் மாத வெயில். பிழைப்புத் தேடிப் புறப்பட்ட மூன்று பாலஸ்தீனர்கள் காலித் தண்ணீர் லாரி ஒன்றில் போய்க்கொண்டிருக்கிறார்கள். எல்லைச் சாவடி நெருங்கும்போது மூவரும் தொட்டிக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் ஆறேழு நிமிடத்தில் காகிதங்களில் முத்திரை வாங்கி வந்து திறந்துவிடுவார். இதுதான் ஏற்பாடு. முதல் சாவடியில் சொன்னபடி நடக்கிறது. இரண்டாவது சாவடியின் எழுத்தர்கள், பாஸ்ராவில் ஒரு நடனக்காரிக்கும் ஓட்டுநருக்கும் தொடுப்பு என்று கேள்விப்பட்டதை வைத்து அவரைச் சீண்டி, விடமாட்டோம் என்று பிடித்துவைத்துக்கொள்கிறார்கள். 1948 போரில் பட்ட காயத்தால் ஆண்மையை இழந்தவர் அவர். அந்தக் கேலிக்கு நடுவில் நிமிடங்கள் ஓடுகின்றன. ஓடிவந்து மூடியைத் திறக்கும்போது மூவரும் செத்துக் கிடக்கிறார்கள். இரவில் உடல்களைக் குப்பைமேட்டில் இழுத்துப் போட்டு, பையிலிருந்த பணத்தையும் ஒருவனுடைய கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான், தொட்டியின் சுவரை ஏன் தட்டவில்லை என்று பிணங்களைப் பார்த்துக் கேட்கிறார்.

பாலஸ்தீன எழுத்தாளர் கசான் கனஃபானி 1960களின் தொடக்கத்தில் எழுதிய 'வெயிலில் மனிதர்கள்' என்ற குறுநாவலின் கதை இது. 1936இல் அக்கா நகரில் பிறந்து, பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு அகதியானவர் அவர். 1972 ஜூலை 8 அன்று பெய்ரூட்டில் காரில் வைக்கப்பட்ட குண்டு வெடித்துச் செத்தபோது அவருக்கு வயது 36. கூடவே அவருடைய அக்காள் மகளும் செத்தாள்.

இதை இருங்காட்டுக்கோட்டையில் நாடகமாகப் போட ஒரு குழு முடிவெடுப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே இந்தக் கதைக்கு முன்னுரை தேவைப்படாது. 1998இல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்த ஊர் அது. அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் நீண்டுகொண்டே போயின. தென்மாவட்டத்துப் பையன்களும் ஒடிசா, பீகார், அசாம் பையன்களும் பத்துக்குப் பத்து அறையில் ஷிப்ட் மாற்றி ஒரே பாயில் படுத்து எழுகிறார்கள். ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுத்து ஊரை விட்டு வந்தவர்களுக்கு, ஓட்டுநரோடு பேரம் பேசும் அந்த மூவரும் அந்நியர்கள் ஆகமாட்டார்கள். தண்ணீர் லாரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெங்களூர் நெடுஞ்சாலையில் ஐந்து நிமிடம் நின்றால் நாலைந்து போகும்.

எந்தப் பாணியில் போடுவது என்பதை நாடகக்காரர்கள் பெரும்பாலும் ரசனையையும் கையிருப்பையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். என்ன ஆடத் தெரியும், எத்தனை பேர் வருவார்கள், மைக் செட்டுக்கு யார் காசு கொடுப்பது என்று பேச்சு போகும். தப்பில்லை. ஆனால் இந்தக் கதையில் பாணியே ஒரு அறக்கேள்வியாகிவிடுகிறது. மூன்று பேர் செத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் மேல் பழி விழுந்தாக வேண்டும். வசனத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் பாணியை மட்டும் மாற்றினால் அந்தப் பழி ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போய்விடும்.

யதார்த்த பாணியில் அது யார் தலையிலும் விழாது. கட்டம் போட்ட கெஃபியே துண்டு, தெர்மாகோலில் ஆலிவ் மரம், கொஞ்சம் அரபு வாடை அடிக்கும் தமிழ், தொட்டிக்குள் வியர்த்துத் துடிக்கும் மூன்று நடிகர்கள். பார்ப்பவர்களுக்குக் கண் கலங்கும். பாவம், எங்கேயோ இப்படியெல்லாம் நடக்கிறது என்று எழுந்து போவார்கள். பரிதாபத்தில் ஒரு சுகம் உண்டு, அது பரிதாபப்படுகிறவனை ஒன்றும் கேட்பதில்லை. போதாததற்கு, மேடையில் சாகாத ஒருவர் செத்தவரின் உடலைத் தத்ரூபமாக நகலெடுத்துக் கைதட்டல் வாங்குவதில் கூச்சப்பட ஏதோ இருக்கிறது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் காஸாவின் உண்மையான உடல்களை நாள்தோறும் காட்டிய ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நகல் இன்னும் வெட்கக்கேடாகத் தெரிகிறது.

அடுத்து யாருக்கும் தோன்றுவது தெருக்கூத்து. அது கூத்து நடமாடும் பகுதி. காஞ்சிபுரம் பக்கம் பி. ராஜகோபால் முன்னின்று 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. செய்யாறு பக்கம் புரிசை இருக்கிறது. கூத்தில் பாரதத்தைத் தவிர வேறு கதை எடுபடாது என்பவர்களுக்குப் புரிசைக்காரர்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள்: பிரெக்டின் சுண்ணாம்பு வட்டக் கதையையும், பெரிய சிறகுகளோடு வந்து விழுந்த கிழவனைப் பற்றிய மார்க்கேஸின் கதையையும் அவர்கள் கூத்தாக ஆடியிருக்கிறார்கள். ஆகவே ஆட முடியுமா என்பது கேள்வியே இல்லை. ஆடும்போது பழி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

பாரதக் கூத்து நடக்கும் ஊரில் கடைசி நாள் படுகளம். விடிந்ததும் பொட்டலில் மண்ணால் போட்ட துரியோதனன் மல்லாந்து கிடப்பான். ஒரு ஆள் அவன் மார்பில் ஏறி நின்றால் சின்னப் பையன் போலத் தெரியும், அவ்வளவு பெரிய உருவம். இரவு முழுக்க ஆடிய அரிதாரம் வியர்வையில் கரைந்து வழிய, வீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றியும் அதன் மேல் ஏறியும் துரத்துவார்கள். தொடையில் புதைத்துவைத்த செஞ்சாயத்தை வீமன் உடைக்க, பாஞ்சாலி அதைத் தொட்டுக் கூந்தலை முடிப்பாள். ஒப்பாரியும் உண்டு. மாலையில் தீமிதி. ஊரே அழுது, ஊரே ஆறும். இந்த வடிவத்தின் பலம் அதுதான்: முடிவு எல்லோருக்கும் முன்கூட்டித் தெரியும், அப்படித்தான் முடிய வேண்டும் என்ற சம்மதமும் இருக்கும். அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் போகும்போது திரும்பி வரமாட்டான் என்று குழந்தைக்கும் தெரியும். விதி என்று ஒன்று இருக்கிறது, கண்ணன் அறிந்தே செய்கிறான்.

பாலஸ்தீன வாழ்வை அந்த வடிவத்துக்குள் அப்படியே இறக்கினால் அது விதியாகிவிடும். அங்கே நடந்ததில் எதுவும் விதியில்லை. 1948இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரை விட்டு விரட்டப்பட்டதும் தப்பி ஓடியதும் மனிதர்கள் எடுத்த முடிவுகளால். சோதனைச் சாவடி எங்கே இருக்க வேண்டும், யாருக்கு அனுமதிச் சீட்டு, எந்த நாளில் அது ரத்து என்பதெல்லாம் தேதியும் கையெழுத்தும் உள்ள காகிதங்கள். ஊர் கூடி அழுது ஆறிவிடக்கூடிய துக்கமாக அதை மாற்றுவது, கையெழுத்துப் போட்டவரைத் தப்பவிடுவது.

இன்னொரு சிக்கல் இதைவிடக் கடுமையானது. கூத்தில் பகைவனுக்கு ஒரு வேஷம் தயாராக இருக்கிறது. சிவப்பு முகம், கோரைப்பல், கர்ஜனையோடு திரைக்குப் பின்னாலிருந்து வருகை. இஸ்ரேலியச் சிப்பாய்க்கு அந்த வேஷத்தைக் கட்டினால் கைதட்டல் நிச்சயம். ஆனால் அசுரன் பிறப்பால் அசுரன். கட்டாயச் சேவைக்கு வந்த பத்தொன்பது வயதுப் பையன் செய்யும் குற்றம் அவன் பிறப்பிலிருந்து வருவதாக மேடை சொல்லிவிட்டால், யூதர்களைப் பற்றி ஐரோப்பா பல நூற்றாண்டு சொன்ன பொய்யைத் தமிழில் ஒருமுறை கூத்தாடியதாகிவிடும். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் கொல்லப்பட்ட சுமார் 1,200 பேரில் பெரும்பான்மையோர் சாதாரணக் குடிமக்கள். அவர்களுடைய சாவை இந்த நாடகம் பேச வேண்டிய கட்டாயம் இல்லை; ஆனால் அவர்களை அசுரக் கூட்டமாக்கும் வேஷத்தை ஒருவர் முகத்தில் எழுதும் உரிமையும் அதற்கு இல்லை. கனஃபானியின் கதையில் இஸ்ரேலியச் சிப்பாயே வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். மூவரைக் கொன்றது அரபு நாட்டு எழுத்தர்களின் அரட்டை, பாலஸ்தீன ஓட்டுநரின் தயக்கம், எல்லாவற்றுக்கும் முன்னால் அவர்களை அந்தத் தொட்டிவரை கொண்டுவந்த நாடிழப்பு.

பாலஸ்தீனத்திலேயே இருப்பவர்கள் என்ன பாணியைத் தேர்ந்தார்கள் என்று பார்ப்பது நல்லது. துயரத்தைத் தொட்டால் சிரிக்கக் கூடாது என்று நினைக்கும் வெளியூர் பக்தர்களுக்கு அது ஒரு அதிர்ச்சி. 1977இல் ஃபிரான்சுவா அபூ சாலம் தொடங்கிய குழு, சந்தையிலும் காபிக் கடையிலும் கதை சொல்லும் அரபுக் கதைசொல்லியின் பெயரையே வைத்துக்கொண்டது: அல் ஹகவாத்தி. 1991இல் ஜெருசலேமில் தொடங்கிய அஷ்தார், பார்வையாளர் எழுந்து வந்து காட்சியை மாற்றி நடிக்கும், பிரேசில் நாடகக்காரர் போவாலின் மன்ற அரங்கைக் கையில் எடுத்தது. அதே குழுதான் 2010இல் காஸாவின் பதின்வயதுப் பிள்ளைகள் எழுதிய தனிமொழிகளை உலகுக்குக் கொடுத்தது. ஜெனின் அகதி முகாமில் 2006இல் தொடங்கிய சுதந்திர அரங்கு (தி ஃப்ரீடம் தியேட்டர்) 'விலங்குப் பண்ணை'யையும், 2011இல் 'அற்புத உலகில் ஆலிஸ்' கதையையும் போட்டது. குண்டு துளைத்த முகாமில் ஆலிஸா என்று கேட்கலாம். அதே ஆண்டு ஏப்ரல் 4 அன்று அரங்கின் வாசலிலேயே சுட்டுக்கொல்லப்பட்ட, அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜூலியானோ மெர் காமிஸுக்கு அதில் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆக்கிரமிப்பை மட்டும் இல்லாமல் முகாமுக்குள்ளேயே இருந்த கட்டுப்பாடுகளையும் அந்த மேடை சீண்டியது. 2023 டிசம்பரில் இஸ்ரேலிய ராணுவம் அரங்கைச் சூறையாடி அதன் பொறுப்பாளர்களைப் பிடித்துப் போனபோது, அழுகை மட்டும் தெரிந்தவர்களை அது தேடிப் போகவில்லை.

ஆக, பாலஸ்தீனர் வாழ்வென்றால் ஒப்பாரி என்று நாமே முடிவுகட்டுவது மரியாதை போலத் தெரியும் ஒரு அவமரியாதை. கேலி, பொறாமை, கல்யாணப் பேரம், மாமியார் சண்டை எதுவும் அவர்களுக்குக் கிடையாதா? கனஃபானியின் மூவரில் ஒருவன் தன் அப்பா வீடு கிடைக்கும் என்பதற்காக வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்களைக் கைவிட்ட கோபத்தில் புறப்பட்டவன். அந்தக் கோபத்தை வெட்டி எறிந்துவிட்டு அவனைத் தியாகியாக்கினால் அவன் இரண்டாம் முறை சாகிறான்.

வீதி நாடகம் இருங்காட்டுக்கோட்டைக்கு இயல்பாக வரக்கூடியது. 1989 ஜனவரி 1 அன்று வீதி நாடகக் கலைஞர் சப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டது இதைப் போன்ற ஒரு தொழிற்பேட்டையில்தான். சாஹிபாபாத்தின் ஜண்டாபூரில் தொழிலாளர் முன் 'ஹல்லா போல்' நடந்துகொண்டிருந்தது. மறுநாள் அவர் இறந்தார். ஜனவரி 4 அன்று அதே இடத்தில் அவருடைய மனைவி மலயஸ்ரீ உள்ளிட்ட தோழர்கள் நாடகத்தை முடித்துக்காட்டினார்கள். சப்தரின் ஜன நாட்டிய மஞ்சும் ஜெனினின் சுதந்திர அரங்கும் சேர்ந்து 'ஹமேஷா சமீதா' என்ற நாடகத்தை 2015 இறுதியிலும் 2016 தொடக்கத்திலும் இந்திய நகரங்களில் போட்டதுதான் நம் விஷயத்துக்கு மிக அருகில் இருக்கும் நிஜ உதாரணம். இந்திய நடிகர்களும் பாலஸ்தீன நடிகர்களும் ஒரே வட்டத்தில் நின்றதால், பாலஸ்தீனரைப் பற்றி மற்றவர் பேசுவது என்ற சங்கடம் பாதி தீர்ந்துவிட்டது. நம் குழுவுக்கு அந்த வசதி கிடையாது. தமிழ்நாட்டில் சென்னைக் கலைக்குழு 1984 முதல் வளர்த்த வீதி நாடக மரபு இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள்.

வீதி நாடகத்தின் பலவீனம் அதன் கடைசி ஐந்து நிமிடம். கோஷம் எழும், கைகள் உயரும், எதிரி எங்கோ டெல் அவிவிலும் வாஷிங்டனிலும் இருப்பான். கூடி நின்றவர்கள் எல்லோரும் நல்லவர்கள் பக்கம். 2024 செப்டம்பரில் தொடங்கி சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரத்துக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்த பகுதி அது. கோஷத்தின் மதிப்பை அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், அது எப்போது மலிவாகிறது என்பதையும்தான்.

எந்தப் பாணியை எடுத்தாலும் ஒரு சபலம் கூடவே வரும்: இது நம்ம கதைதான் என்று சொல்லிவிடுவது. கம்பெனி கேட்டில் அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து, செல்போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டவைத்து வரிசையில் நிற்பவனிடம் சோதனைச் சாவடி வரிசையைக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வான். அந்தச் சட்டென்ற பிடிப்பில் ஒரு களவு இருக்கிறது. கேட்டில் நிற்பவன் வேலையை விட்டுவிட்டுப் போகலாம். போனால் வாடகை கொடுக்க முடியாது என்பது வேறு கஷ்டம். அங்கே வரிசையிலிருந்து விலகுகிறவன் மேல் துப்பாக்கி திரும்பும். ஒற்றுமையைக் காட்டிய அடுத்த நொடியில் வேற்றுமையையும் காட்டாத நாடகம், கேட்டில் நிற்பவனையும் ஏமாற்றுகிறது, சாவடியில் நிற்பவனையும் ஏமாற்றுகிறது. ஈழத்தைக் கொண்டுவருவதும் அப்படித்தான். எம்.ஏ. நுஃமான் 1981இல் பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழில் தந்தபோது ஈழத்தில் அவற்றைத் தம் கவிதைகளாகப் படித்தவர்கள் உண்டு. நுஃமான் கல்முனைப் பக்கத்து முஸ்லிம். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் புலிகளால் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் கவிதைகள் அப்போது யாருடைய கதை? ஒப்புமையைத் தொடங்கிவைப்பவர் அது போகும் இடமெல்லாம் கூடப் போகத் தயாராக இருக்க வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டைக்கு உண்மையிலேயே பொருந்தும் ஒரு தொடர்பு இருக்கிறது; அது அவ்வளவு இனிமையானதல்ல. 2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேல் பாலஸ்தீனத் தொழிலாளர்களின் அனுமதியை நிறுத்தியது. கட்டடங்கள் பாதியில் நின்றன. 2024 ஜனவரியில் ரோத்தக்கிலும் லக்னோவிலும் இந்தியக் கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும் ஆள்தேர்வுக்கு வரிசையில் நின்றார்கள். ஊரில் கிடைப்பதைப்போலப் பல மடங்கு சம்பளம். நாடகம் பார்க்க நிற்கும் பீகார் பையனின் அண்ணனோ பங்காளியோ அப்படிப் போயிருக்கலாம், போக ஆசைப்பட்டிருக்கலாம். அவர்கள் மேல் குற்றம் சொல்வது சுலபம், அநியாயமும்கூட. ஆனால் பாலஸ்தீனன் நின்ற சாரத்தில் இப்போது நிற்பது நம் ஆள் என்பதைச் சொல்லாமல், நாம் எல்லோரும் பாலஸ்தீனர் பக்கம் என்று மேடையில் முழங்குவது பொய். பழியில் ஒரு சிறு பங்காவது பார்வையாளர் நிற்கும் இடத்துக்கு வந்து சேர வேண்டும். அப்படிச் சேர்க்கக்கூடிய பாணிதான் இந்தக் கதைக்கு நேர்மையானது.

அந்தப் பாணிக்கான கருவி கூத்திலேயே இருக்கிறது. கட்டியக்காரன். அவன் கதைக்கு உள்ளேயும் இருப்பான், வெளியேயும் இருப்பான். ராஜாவை நீ யார் என்று கேட்பான், முந்தாநாள் ஊரில் நடந்த தகராறை இழுப்பான், பச்சையாகப் பேசுவான், பார்வையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். நான் பாலஸ்தீனன் என்று அவன் நடிக்க வேண்டியதில்லை. நான் இந்தப் பக்கத்து ஆள், ஒரு கதை கேட்டேன் என்று சொன்னால் போதும். அல் ஹகவாத்திக்கும் அவனுக்கும் அவ்வளவு தூரமில்லை. கிரீடமும் புஜக்கீர்த்தியும் வேண்டாம், அசுர வேஷம் வேண்டாம், படுகளம் வேண்டவே வேண்டாம். அர்மோனியமும் மிருதங்கமும் இருக்கட்டும்.

இரண்டாவது சாவடிக் காட்சியை அவனிடம் விட்டுவிடலாம். எழுத்தர்களாக அவனே நின்று நடனக்காரி விவகாரத்தை எடுத்துவிட வேண்டும். கூத்து பார்க்க உட்கார்ந்தவர்களுக்குக் கட்டியக்காரனின் கொச்சைப் பேச்சு என்றால் கொண்டாட்டம். சிரிப்பு தானாகக் கிளம்பும், இன்னொன்று சொல்லு என்பார்கள். ஓட்டுநர் கையில் காகிதத்தோடு தவித்து நிற்பார். சிரிக்கச் சிரிக்க அவரைப் பிடித்துவைத்திருப்பது பார்வையாளர்தான்.

தட்டும் சத்தம் வேண்டுமா என்பதுதான் மிச்சமிருக்கும் முடிவு. மிகக் கடினமானதும் அதுவே. கனஃபானியின் கதையில் தட்டும் சத்தம் எதுவும் இல்லை. ஏன் தட்டவில்லை என்று அவர் தன் மக்களையே உலுக்கிக் கேட்டார். அகதியாகி வளர்ந்தவருக்கு அந்த உரிமை உண்டு. எகிப்திய இயக்குநர் தௌபீக் சாலிஹ் 1972இல் இதைப் படமாக எடுத்தபோது மாற்றினார்: உள்ளே இருப்பவர்கள் தட்டுகிறார்கள், சாவடியின் ஏசி இயந்திரங்களின் இரைச்சலில் அது வெளியே கேட்பதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் பாலஸ்தீனர்கள் தட்டத் தொடங்கியிருந்தார்கள், இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும். மூலத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. கொல்லப்பட்ட எழுத்தாளரின் வரியில் கைவைக்க யாருக்கு அதிகாரம்? ஆனால் அதே கேள்வியை இன்று தமிழ்க் குழு ஒன்று அப்படியே கேட்டால், செத்தவர்களைப் பார்த்து நீங்கள் வாய் திறந்திருக்க வேண்டாமா என்று அதட்டியதாகிவிடும். கேள்வி ஒன்றுதான், கேட்கும் வாய் மாறியதும் அது கொடுமையாகிறது. இங்கே விசுவாசத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதே சரி. தட்டட்டும்; மிருதங்கக்காரர் தாளம் போடுவதை நிறுத்திவிட்டு, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒருவர் தகர டிரம்மில் தட்டட்டும். சிரிப்பு அதை அமுக்கும். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு முதலில் கேட்கும், முன்வரிசைக்குக் கடைசியில். பிறகு ஓட்டுநர் வந்து மூவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும், கனஃபானி எழுதியபடியே. கேள்வி பொய் என்று அங்கே இருக்கும் எல்லோருக்கும் அப்போது தெரிந்திருக்கும்.

பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவனைச் சிரிக்கவைத்துப் பொறியில் மாட்டுவது நியாயமா என்ற ஆட்சேபம் நிற்கிறது. அவன் எந்த எல்லையிலும் முத்திரை குத்தும் அதிகாரி இல்லை. இதற்கு முழுப் பதில் கிடையாது. பொறி குழுவையும் பிடிக்க வேண்டும் என்பது ஒன்று: சிரிப்பை இழுத்தவன் கட்டியக்காரன்தான் என்பதை அவனே மேடையில் ஒப்புக்கொண்டாக வேண்டும். இரண்டாவது நடைமுறை விஷயம். அவனுக்கு இந்தியும் வர வேண்டும். தமிழில் மட்டும் ஜோக் அடித்தால், பின்னால் நிற்கும் ஒடிசாப் பையனுக்குத் தகர டிரம் சத்தம் மட்டும் கேட்கும், சிரித்த பழி முன்வரிசைக்கு மட்டும் போகும். அண்ணனை இஸ்ரேலுக்கு அனுப்பிய வீட்டுப் பிள்ளையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதாகவும் ஆகிவிடும்.